சேர், நமக்கு ராசா இல்லையா?

கடந்த இரண்டு வருடங்களில் நமது சஞ்சிகைகளில் வெளிவந்த இந்தியப் பயணக் கட்டுரைகளை ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசித்தேன். எழுதியவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், சிலர் நண்பர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லாமலே அவர்களுக்கு விளங்கும். ஆட்கள் வேறு வேறு என்றாலும் கட்டுரை ஒன்றுதான். கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவார். இறங்கிய ஊரின் சாப்பாட்டைப் பற்றி ஒரு பந்தி எழுதுவார். பிறகு செங்கோட்டை, ஆக்ரா, மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று போவார். ஏதாவதொரு மண்டபத்தில் ஒரு தூணைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது அவருக்குக் கண் கலங்கும். "நாம் ஆண்ட காலம்", "நமது மன்னர்கள் விட்டுச் சென்றவை", "எப்படி இருந்த சமூகம் இப்படி ஆகிவிட்டதே" என்று ஒரு பெருமூச்சு வரும். அத்தோடு கட்டுரை முடிந்துவிடும்.

இந்த "நாம்" யார் என்பதுதான் எனது கேள்வி. மூதூரில் நெல் விதைத்தவரும், கிண்ணியாவில் விறகு வெட்டி வள்ளத்தில் ஏற்றியவரும், புல்மோட்டையில் வலை இழுத்தவரும் எந்த நூற்றாண்டில் டில்லியை ஆண்டார்கள்? எனது மூத்தவாப்பா தோப்பூரில் சேனை செய்தவர். அவருடைய வாப்பாவும் அதேதான். அதற்கு முந்தியவர்களின் பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் ஷாஜஹானின் சொந்தக்காரர்கள் அல்லர் என்பது மட்டும் நிச்சயம்.

பொறாமையில் எழுதுகிறான் என்று யாரும் சொல்வதற்கு முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் போனவன்தான். தூணைத் தொட்டுக்கொண்டு கண் கலங்கியவன்தான். அதைவிடப் பெரிய தவறொன்றும் செய்திருக்கிறேன். அதையே முதலில் சொல்ல வேண்டும்.

எமது பாடசாலையில் கீழ் வகுப்புகளுக்கு வரலாறு படிப்பிப்பவன் நான். பாடநூலில் மன்னர்கள் வரிசையாக வருவார்கள். குளம் கட்டியவர், விகாரை கட்டியவர், படையெடுத்தவர், படையெடுப்பைத் தடுத்தவர். ஒரு நாள் பின் வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், சிங்களவங்களுக்கு ராசா இருந்திருக்காங்க. தமிழங்களுக்கும் யாழ்ப்பாணத்துல ராசா இருந்திருக்காங்க. நமக்கு ராசா இல்லையா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எல்லோரும் எனது முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு "இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருந்தாங்க மகன், இந்தியாவுல" என்றேன். அக்பரைப் பற்றிச் சொன்னேன், ஷாஜஹானைப் பற்றிச் சொன்னேன், திப்பு சுல்தானின் புலியைப் பற்றிச் சொன்னேன். மணியடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. அடுத்த கிழமை அந்தப் பையனின் வரலாற்றுக் கொப்பியின் அட்டையில் தாஜ்மஹால் வரையப்பட்டிருந்தது. நல்லதொரு பாடம் நடத்திவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். பயணக் கட்டுரை எழுதியவர்கள் பெரியவர்களுக்குச் செய்ததை நான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் செய்திருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2024 இல் பாடசாலை விடுமுறையில் கிண்ணியா, மூதூர், தோப்பூர் ஆட்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு குழுவாகப் போனோம். எட்டு நாள். பெங்களூரில் இறங்கி மைசூர், அங்கிருந்து திரும்பி விமானத்தில் டில்லி, பிறகு ஆக்ரா. ஆசிரியர்கள், வியாபாரிகள், ஓய்வுபெற்ற ஓர் அதிபர், அவர்களுடைய குடும்பங்கள். வழிநெடுகிலும் பகிடியும் பாட்டும்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் மைசூர் அரண்மனை. அன்று ஞாயிற்றுக்கிழமை. இருட்டியதும் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் மின்குமிழ்கள் ஒரே நேரத்தில் எரிந்தன. குவிமாடங்கள் பொன்னாக ஜொலித்தன. எங்கள் குழுவில் ஒருவர், எழுதுகிறவர்தான், "பாருங்கள், இஸ்லாமியக் கட்டடக்கலை! திப்புவின் மண்ணல்லவா!" என்று உணர்ச்சிவசப்பட்டார். நானும் தலையாட்டினேன். மறுநாள் வழிகாட்டியிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய மர அரண்மனை 1897 இல் ஓர் அரச திருமண நேரத்தில் எரிந்துபோனது. இப்போதுள்ளதை 1897 தொடங்கி 1912 இல் கட்டி முடித்தவர்கள் உடையார் மன்னர்கள். வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின் என்ற ஆங்கிலேயர். கீழைத்தேய அரண்மனை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர் நினைத்த பாணி அது. திப்பு இறந்தது 1799 இல். நூறு வருடத்துக்குப் பிந்திய, ஓர் இந்து மன்னருக்காக ஓர் ஆங்கிலேயர் வரைந்த குவிமாடத்தைப் பார்த்து நாங்கள் எங்கள் பாட்டனின் வீடு என்று விம்மியிருக்கிறோம். குவிமாடம் கண்ட இடமெல்லாம் நமது என்று எண்ணிக்கொள்ளும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இதே பாணியில் கட்டப்பட்ட கட்டடம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல். 1908 இல் தொடங்கி 1909 இல் முடித்தார்கள். பணம் போட்டவர்கள் இந்திய முஸ்லிம் வியாபாரிகள். வடிவமைத்தவர் சாயிபு லெப்பை என்பவர். அவர் முறையாகக் கட்டடக்கலை படித்தவரும் அல்லர். இந்தியப் பயணத்துக்கு உடுப்பு வாங்குவதற்காக அந்தப் பள்ளியைத் தாண்டிப் போன நம் கட்டுரையாளர்களில் ஒருவராவது சாயிபு லெப்பையைப் பற்றி ஒரு பந்தி எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. சரி, விடயத்துக்கு வருவோம்.

ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு குடியிருந்த லால் மஹால் இன்று இல்லை. ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. எஞ்சியிருப்பது காவிரிக் கரையில் 1784 இல் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட தரியா தௌலத் என்ற கோடைகால மாளிகை. சுவர்களில் இடைவெளியே இல்லாமல் சித்திரம். மேற்குச் சுவர் முழுக்க 1780 இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்த காட்சி. யானை, குதிரை, சிதறி ஓடும் செஞ்சட்டைக்காரர்கள். எங்கள் ஆட்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்து முடிக்கவே அரை மணித்தியாலம் ஆயிற்று.

வழிகாட்டி பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். 1799 மே 4 ஆம் திகதி கோட்டை விழுந்து திப்பு கொல்லப்பட்ட பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பொறுப்பு ஆர்தர் வெலஸ்லி என்ற ஆங்கிலேயக் கேணலிடம் கொடுக்கப்பட்டது. அவர் வந்து தங்கியது இதே மாளிகையில். பிற்காலத்தில் 1815 இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான். எல்லோரும் "ஆ!" என்றோம். இரண்டு பேர் வெலஸ்லியைத் திட்டினார்கள். பஸ்ஸில் ஏறினோம்.

வெலஸ்லி என்ற அந்தப் பெயர் எனது காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கேயோ கேட்ட பெயர். இரவு விடுதியில் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். பார்த்ததும் வெட்கமாக இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பொறுப்பாக இருந்த அந்த வெலஸ்லி 1800 ஆம் ஆண்டு முடிவில் வந்து இறங்கிய இடம் திருகோணமலை. கடல் கடந்து அனுப்புவதற்கென்று இங்கே திரட்டப்பட்ட படைக்குப் பொறுப்பாக வந்திருக்கிறார். 1801 இன் தொடக்கத்தில் இங்கிருந்துதான் பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். அவர் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு பிரெட்றிக் கோட்டைக்குள் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில், மான்கள் படுத்துக் கிடக்குமே, அந்தப் பக்கம். அந்த வழியால் நான் எத்தனை தடவை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருப்பேன்! மான்களைக் காட்டியிருக்கிறேன். இராவணன் வெட்டைக் காட்டியிருக்கிறேன். வீட்டைக் காட்டியதில்லை. அது என்னவென்றே எனக்குத் தெரியாது. திப்புவுக்காகக் கண் கலங்கிய எங்கள் முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னும் தேடினேன். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடிக்கிறார்கள். அதே வருடம் ஆகஸ்ட் இறுதியில் சஃப்ரேன் என்ற பிரெஞ்சுத் தளபதி அதை ஆங்கிலேயரிடமிருந்து பறிக்கிறார். செப்டம்பர் 3 ஆம் திகதி நம் கடலுக்கு முன்னாலேயே இரண்டு கடற்படைகளும் மோதுகின்றன. அந்தச் சஃப்ரேன் ஒரு மாதத்துக்கு முன்னர்தான் கூடலூர்ப் பக்கத்தில் ஹைதர் அலியை நேரில் சந்தித்திருக்கிறார். இருவரும் ஒரே அணி. அதாவது மைசூர்ப் போரின் ஒரு துண்டு நமது துறைமுகத்தில் நடந்திருக்கிறது. திப்புவின் கதையை எனது வகுப்பில் சொல்ல எனக்கு உரிமை ஏதும் இருந்தால் அது இந்தத் துறைமுகத்தின் வழியாக வருவது. நானோ அவர் நமது ராசா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹைதரும் அவருடைய மனைவியும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸுக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் தமிழ் பேசினார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். இலங்கை முஸ்லிம்கள் என்றதும் சந்தோஷமாகக் கதைத்தார். எங்கள் குழுவில் ஒரு காக்கா, திப்பு மட்டும் இருந்திருந்தால் உலகமே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று ஏதோ ஆவேசமாகச் சொன்னார். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நீங்க பார்த்துட்டு அழுதுட்டு ஊருக்குப் போயிடுவீங்க பாய். எலெக்‌ஷன் வந்தா இவர் பேரைச் சொல்லி கணக்குக் கேக்குறது எங்ககிட்டதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீருக்குக் காசு சொல்வது போலத்தான் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. கர்நாடக அரசு 2015 இல் திப்பு ஜெயந்தியைக் கொண்டாடத் தொடங்கியது. குடகில் அந்த வருடமே கலவரமாகி உயிர் போனது. 2019 இல் ஆட்சி மாறியதும் கொண்டாட்டத்தை இரத்துச் செய்தார்கள். திப்பு ஆங்கிலேயரை எதிர்த்துப் போர்க்களத்தில் மடிந்தவர். இந்துக் கோயில்களுக்கும் சிருங்கேரி மடத்துக்கும் கொடை கொடுத்தவர். அதே திப்பு குடகர்களையும் மங்களூர்க் கத்தோலிக்கரையும் சிறைப்பிடித்துக் கொண்டுபோனவர், மதம் மாற்றியவர். இரண்டும் வரலாறு. ஒரு மன்னரை "நம்மவர்" என்று தோளில் தூக்கி வைத்தால் அவர் செய்த இரண்டாவது வகைக் காரியங்களும் சேர்ந்தே தோளில் ஏறும். நாம் இங்கிருந்து போய் "நமது மன்னர்" என்று எழுதிவிட்டு வந்துவிடலாம். அங்கே இருக்கிறவர்களிடம் "உன் மன்னன் செய்ததற்கு நீ பதில் சொல்லு" என்கிறார்கள். பாபரின் பெயரால் அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதை 1992 டிசம்பர் 6 ஆம் திகதி உலகமே பார்த்தது. மன்னர்களையும் முஸ்லிம்களையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிற அந்த வேலையை அவர்கள் வெறுப்பினால் செய்கிறார்கள். நமது பயணக் கட்டுரையாளர்கள் பாசத்தினால் செய்கிறார்கள். முடிச்சு ஒன்றுதான்.

தாஜ்மஹாலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எழுதியவர்கள் நிறைய. அழகுதான். ஒரு மணித்தியாலம் வாயடைத்து நின்றேன். வாசலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நுழைவுச்சீட்டு இந்தியருக்கு 50 ரூபாய், எங்களைப் போன்ற சார்க் நாட்டவருக்கு 540 ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 1100 ரூபாய். பாட்டன் வீடு என்று வந்தவர்கள் கடவுச்சீட்டைக் காட்டிக் கழிவு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். ஒருவரும் சிரிக்கவில்லை; எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. மும்தாஜ் 1631 இல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தில் இறந்தார். அந்த வருடங்களில், 1630 முதல் 1632 வரை, தக்காணத்திலும் குஜராத்திலும் கொடிய பஞ்சம். சனங்கள் செத்து விழுந்ததை ஷாஜஹானின் அரசவை வரலாற்றாசிரியரான அப்துல் ஹமீத் லாஹோரியே எழுதி வைத்திருக்கிறார். பேரரசர் கஞ்சித் தொட்டி திறந்தார், வரியில் ஒரு பங்கைக் குறைத்தார் என்பதையும் அவர்தான் எழுதுகிறார். அதையும் சொல்வதுதான் நியாயம். ஆனால் 1632 இல் தாஜ்மஹால் வேலை தொடங்கியதும் அதே நாட்டில்தான். நமது கட்டுரைகளில் பளிங்கு வருகிறது, காதல் வருகிறது. பஞ்சம் வருவதில்லை. சுவரில் யாசீன் சூராவை எழுதிக் கடைசியில் தன் பெயரையும் போட்ட அமானத் கானைக்கூட ஒருவரும் குறிப்பிடுவதில்லை. அந்தப் பளிங்குக்குள் ஓர் எழுத்துக்காரனின் பெயர் இருக்கிறது என்பது எழுத்தாளர்களுக்குக்கூட முக்கியமாகப் படவில்லை.

இதையெல்லாம் ஒரு இரசனைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம், நாம் வேறெங்காவது வாழ்ந்தால். நாம் வாழ்வது திருகோணமலையில். இங்கே வரலாறு என்பது காணி. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையாக வாழும் மாகாணம் ஒன்றில், கல் எங்கே கிடக்கிறது, அது யாருடைய கல் என்று தீர்மானிக்க அமர்த்தப்பட்டவர்களில் நம்மவர் ஒருவர்கூட இல்லை. நாம் கண்டித்தோம், அறிக்கை விட்டோம். சரிதான். ஆனால் "நீங்கள் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள், எழுதி வைத்தது ஏதும் உண்டா?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டிருந்தால் எதை எடுத்து நீட்டியிருப்போம்? தாஜ்மஹாலையா?

நீட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. தேடவில்லை என்கிறேன். திருகோணமலை நிக்கல்சன் குடாவில் கிடைத்த ஓர் அரபுக் கல்லறைக் கல்லைப் பற்றி இந்தியாவிலிருந்து திரும்பிய பிறகுதான் படித்தேன். ஹலப் நகரத்தவரான பத்ருத்தீன் ஹுசைன் பின் அலி என்பவரின் மகளுக்கு உரிய கல் அது. காலம் கி.பி. 1329. சிரியாவின் ஹலபிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெண்பிள்ளை நமது துறைமுகத்தில் மௌத்தாகி அடக்கப்பட்டிருக்கிறார். ஆக்ராவில் அடக்கப்பட்ட மும்தாஜுக்கு முன்னூறு வருடம் மூத்தவர். மும்தாஜின் கப்றைப் பார்க்க நாங்கள் எவ்வளவு செலவழித்தோம் என்பதைக் கணக்குப் பார்க்க மனமில்லை. இந்தப் பெண்ணைப் பற்றி எங்கள் ஊர்களில் யாரிடம் கேட்டாலும் தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன்.

இதை வைத்துக்கொண்டு நாங்கள்தான் முந்தி வந்தோம் என்று கோஷம் போடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்தார்கள். அதன் கல்லை எடுத்தே கோட்டையைக் கட்டினார்கள். அந்தத் துயரம் நமது அயலவர்களுடையது, மதிக்கப்பட வேண்டியது. அதே போர்த்துக்கேயர் 1626 இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியமர்த்தினான். அந்தப் பையனின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையில் இதுவும் ஒரு பகுதி. ராசா ஒருவர் இருந்தார், மகன். அவர் சிங்களவர். நமக்கு இருக்க இடம் தந்தார். இதைச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை? இடம் கொடுக்கப்பட்டவர்கள் என்பதைவிட ஆண்டவர்கள் என்பது பிள்ளையின் காதுக்கு இனிமையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

எனது இந்தக் கருத்தை ஓர் இலக்கியச் சந்திப்பில் சொன்னபோது இரண்டு பதில்கள் வந்தன. முதலாவது, கிணற்றுத் தவளையாக இருக்கச் சொல்கிறீர்களா என்பது. இல்லை. போகட்டும், பார்க்கட்டும். போகிற கிணற்றிலும் தன் முகத்தையே பார்த்துவிட்டு வருகிறவரைப் பற்றித்தான் பேசுகிறேன். இரண்டாவது, பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி குர்ஆன் சொல்கிறதே என்பது. நமது பயணக் கட்டுரைகளில் பாதி அந்த வசனத்தோடுதான் தொடங்குகின்றன. அந்த வசனங்களை முழுவதுமாக ஓதிப் பார்க்கும்படி பணிவோடு கேட்கிறேன். பார்க்கச் சொல்லப்படுவது முன்னிருந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்பதை. பலமாகக் கட்டியவர்களும் பெருமையடித்தவர்களும் எப்படிப் போனார்கள் என்பதை. அவர்களுடைய தூணைத் தொட்டுப் பெருமைப்படச் சொல்லி எங்கும் இல்லை.

இப்னு பதூதாவையும் இழுக்கிறார்கள். இழுக்கட்டும். அவர் டில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கின் சம்பளத்தில் காழியாக இருந்தவர். அந்தச் சுல்தானின் கொடையை எழுதியது போலவே, அரண்மனை வாசலில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் போடப்பட்டுக் கிடந்ததையும் எழுதினார். நம்மவர்கள் அரண்மனைக்குள் போகும்போது வாசலைப் பார்ப்பதே இல்லை.

நமது மாவட்டத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவரும் உண்டு. அவர் மூதூர்க்காரர் என்பதுதான் வேதனை. கொட்டியாரக் குடாவில் 1660 இல் றொபட் நொக்ஸ் பிடிபட்ட இடம் என்று சொல்லப்படும் புளியமரத்தடி அவருடைய ஊரில்தான் இருக்கிறது. பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த அந்த ஆங்கில மாலுமி தப்பிப் போய்த் தான் கண்டதையெல்லாம் எழுதினான். அவன் எழுதியதை உலகம் இன்றும் வாசிக்கிறது. 2006 ஆகஸ்டில் அதே மூதூரிலிருந்து சனங்கள் ஷெல்லடிக்குள் கால்நடையாகக் கந்தளாய்க்குப் போனார்கள். நானும் அதில் நடந்தவன். அதைப் பற்றிக் கவிதைகள் உண்டு; நல்ல கவிதைகளும் உண்டு. எந்த வழியால் போனோம், எங்கே மறித்தார்கள், எந்தப் பள்ளியில் எத்தனை குடும்பம் தங்கியது, யார் சோறு தந்தார்கள் என்று வரிசையாக எழுதிய ஒரு நூலை நான் இன்னும் பார்க்கவில்லை. 2004 சுனாமியில் எத்தனை வீடுகளின் காணி உறுதிகள் கடலோடு போயின என்பதும் அப்படித்தான். நடந்தவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள்.

படகுப் பாதைகளையே எடுத்துக்கொள்வோம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை நமது ஊர்களின் கல்வி, வைத்தியம், கலியாணம் எல்லாமே பாதையை நம்பித்தான் நடந்தன. எத்தனை பிள்ளைகள் பாதையிலேயே பிறந்திருக்கிறார்கள்! பாலங்கள் வந்த பிறகும் குறிஞ்சாக்கேணியில் பாதை ஓடியது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் கிழமை எல்லோரும் எழுதினோம். அடுத்த கிழமை நிறுத்திவிட்டோம். நூறு வருடத்துக்கு மேல் நம்மைச் சுமந்த ஒரு வழிமுறையின் வரலாறு, அதில் வேலை செய்த மனிதர்கள், அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கூலி, எதுவும் எங்கும் இல்லை. லால் மஹாலுக்காவது அத்திவாரம் மிஞ்சியிருக்கிறது.

தாஜ்மஹால் வரைந்த பையன் இப்போது மேல் வகுப்பில் இருக்கிறான். நான் சொன்னது பிழை என்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப ராசா இல்லையா சேர்?" என்றான். "இல்லை. உன்ட மூத்தவாப்பா என்ன தொழில் செய்தவர்?" என்று கேட்டேன். பாதையில் கயிறு இழுத்தவராம். உயிரோடுதான் இருக்கிறார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவனும் நானும் அவரிடம் போகிறோம். எண்பது தாண்டிவிட்டார். ஒரு காது கேட்காது. முதல் நாள், "இதையெல்லாம் எழுதி என்னத்துக்கு மாஸ்டர்? இது ஒரு கதையா?" என்றார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். வெள்ளம் வந்தால் கயிற்றை எந்த மரத்துக்கு மாற்றிக் கட்டுவது, ஜனாஸா வந்தால் யாரை இறக்கிவிட்டு ஏற்றுவது, அவருக்கு முன்னர் கயிறு இழுத்த ஐந்து பேரின் பெயர். சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம்தான் தெளிவாகப் பேசுவார்; வெயில் ஏறினால் களைத்துவிடுவார். பையன் கேட்கிறான், நான் எழுதுகிறேன். நாற்பது பக்கக் கொப்பியில் பதினேழு பக்கம் முடிந்திருக்கிறது. ஆசிரியர் இடம் தந்தால் அடுத்த இதழுக்கு அதில் ஒரு பகுதியை அனுப்பி வைக்கிறேன்.